பழைய பாரோவைச் செப்பனிடுவது: பழைய இரும்புக்குப் புதியவர்களுக்கு

1960-ல் கரோல் புயல் அடித்து ஓய்ந்தபின் மொரீசியஸில் மரவீடுகள் குறைந்து கான்கிரீட் வீடுகள் பெருகின. வீடு மாறிய பல மனைகளில் வாசலில் நின்ற பாரோ, அதாவது இரும்புக் கம்பி வேலை, மட்டும் மாறவில்லை. அதே இரும்பு வாயில், அதே வேலிக்கிராதி, மேலே இருபது முப்பது பூச்சுப் பெயின்ட். வராங்க் என்னும் முன்தாழ்வாரத்தைத் தாங்கும் பூவேலைத் தூண்களும் கோவில் மதில்களில் பதித்த கம்பி வரிசைகளும் இந்தக் கூட்டத்தில் சேரும். உலையில் கம்பி நீட்டவும் மடக்கவும் தெரிந்து, வெல்டிங்கும் பழகி, பழைய இரும்பை மட்டும் இதுவரை தொடாதவர்களுக்காக இந்த வழிகாட்டி.

ஒன்றை முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பழைய பாரோ வயதானதால் கெடுவதில்லை. இரண்டு துண்டு சேரும் இடுக்கில் உப்புத் தண்ணீர் தங்குவதால்தான் கெடுகிறது. நடுக்கம்பி புதுசு போல இருக்கும், அடிச்சட்டமும் பூணுக்குள் மறைந்த பகுதியும் தின்றுபோயிருக்கும். எனவே நேரத்தில் முக்கால் பங்கு மூட்டுகளுக்கே போகும் என்று கணக்கிட்டு விலை சொல்லுங்கள்.

எந்த இரும்பு?

தேனிரும்பு, வார்ப்பிரும்பு, மைல்ட் ஸ்டீல் ஆகிய மூன்றும் ஒரே வாயிலில் கலந்து இருக்கலாம். கம்பி தேனிரும்பு, மேலே ஈட்டிமுனை வார்ப்பிரும்பு, இடையில் யாரோ பிற்காலத்தில் ஒட்டிய துண்டு மைல்ட் ஸ்டீல் என்பது வழக்கமான கலவை. இதைப் பிரித்தறியாமல் நெருப்பைக் காட்டினால் அங்கேயே வேலை கெட்டது.

தேனிரும்பில் கார்பன் 0.1 சதவீதத்துக்கும் குறைவு. ஆனால் உள்ளே 1 முதல் 3 சதவீதம் வரை கசடு நூல்நூலாக ஓடும். துருப்பிடித்த இடத்தைப் பார்த்தாலே தெரியும்: மரத்தின் ரேகை போல வரிவரியாக இருக்கும், மோசமான இடத்தில் கரும்புச் சக்கை மாதிரி நார்நாராகப் பிரியும். வார்ப்பிரும்பில் கார்பன் 2.5 முதல் 4 சதவீதம். அது வளையாது, உடையும். உடைந்த முகம் வெல்லக்கட்டியை உடைத்தாற்போல் பொரபொரப்பாக, சாம்பல் நிறத்தில் இருக்கும். ஒரே பூ பத்து இடத்தில் அச்சு மாறாமல் வந்தால், ஓரத்தில் அச்சுப்பெட்டி சேர்ந்த கோடு தெரிந்தால், அது வார்த்தது. மைல்ட் ஸ்டீல் 1856-ல் பெஸ்ஸிமர் முறை வந்தபின் பரவி, பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவதற்குள் தேனிரும்பின் இடத்தைப் பிடித்தது. அதன் துரு ஒரே சீராக, நார் இல்லாமல், மேலே அம்மைத்தழும்பு போல இருக்கும்.

இன்னும் சந்தேகமா? கண்ணுக்குப் படாத இடத்தில் கிரைண்டரை ஒரு நொடி மட்டும் தொட்டுப் பாருங்கள். வார்ப்பிரும்பு குட்டையான, மங்கிய சிவப்புப் பொறி தரும். தேனிரும்பு வைக்கோல் நிறத்தில் நீளமாக ஓடும், அதிகம் வெடிக்காது. மைல்ட் ஸ்டீலின் பொறி வெளுப்பாக ஓடி நுனியில் கிளைவிடும். பக்கத்தில் தெரிந்த மாதிரி மூன்றையும் வைத்து ஒப்பிட்டால்தான் இது பயன்படும். வெறும் நினைவை நம்பிப் பொறி பார்ப்பது ஜோசியம்.

கண் பழக, பம்ப்ளெமூஸ் தோட்டத்தின் வெள்ளை முன்வாயிலில் ஒரு காலைப்பொழுது நில்லுங்கள். ஒவ்வொரு சுருளும் எங்கே கிளம்புகிறது, எங்கே பூண் போட்டிருக்கிறது, எங்கே உலையில் பற்றவைத்திருக்கிறது என்று விரலால் காற்றில் வரைந்து பாருங்கள். போர்ட் லூயிஸ் மார்க்கெட் வாசலுக்கு மேலே விக்டோரியா ராணியின் முதலெழுத்துகள் பின்னிய இரும்பையும் அண்ணாந்து பாருங்கள். காய்கறி வாங்கப் போகிறவர் யாரும் பார்ப்பதில்லை.

தொடுமுன்

தேசிய பாரம்பரியப் பட்டியலில் உள்ள கட்டடம் என்றால், 2003-ஆம் ஆண்டு தேசிய பாரம்பரிய நிதியச் சட்டத்தின்படி எழுத்தில் அனுமதி வாங்காமல் கை வைக்கக் கூடாது. வீட்டுக்காரருக்கு இது தெரியாமல் இருக்கலாம், உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கோவில் என்றால் சபையோடு பேசி, கும்பாபிஷேகமோ காவடியோ எப்போது என்று கேட்டுக்கொள்ளுங்கள். கடைசி வாரத்தில் அவசரப்படுத்தமாட்டோம் என்று முதலிலேயே சொல்ல வைப்பது நல்லது.

பிறகு பதிவு. முன்னும் பின்னும், மூட்டு மூட்டாக, பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள். ஒரு தாளில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு வரைந்து, ஒவ்வொரு துண்டுக்கும் எண் கொடுங்கள். இடது கதவின் மூன்றாவது கம்பியும் வலது கதவின் மூன்றாவது கம்பியும் ஒன்றுதானே என்று நினைக்காதீர்கள். கையால் அடித்த வேலையில் ஒவ்வொரு துளையும் அதன் கம்பிக்கு மட்டுமே பொருந்தும்.

பெயின்ட் அடுக்கும் ஈயமும்

பழைய பாரோவில் ஈயப் பெயின்ட் இருக்கிறது என்று வைத்துக்கொண்டே வேலையைத் தொடங்குங்கள். அடியில் ஆரஞ்சுச் சிவப்பாகத் தெரியும் பிரைமர் பெரும்பாலும் ரெட் லெட். ஈயம் காட்டும் சோதனைக் குச்சி கிடைக்கும். ஆனால் சிவப்பு பெயின்ட்டில் அதன் நிறமே கசிந்து குச்சியை நனைத்து ஏமாற்றும்.

எல்லாவற்றையும் உரிப்பதற்கு முன் நிறவரலாற்றை எடுத்துவைக்க வேண்டும். மழை படாத, பூணின் அடிப்புறம் போன்ற இடத்தில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு 400, 800, 1200 எண் நீர் உப்புத்தாளால் வட்டமாகத் தேயுங்கள். குளம் போலக் குழிந்து, வளையம் வளையமாக எல்லா அடுக்கும் தெரியும். பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடியில் எண்ணிப் படம் எடுங்கள். இரண்டு அடுக்குக்கு நடுவே கறுத்த அழுக்குக் கோடு இருந்தால் கீழடுக்கு பல வருடம் வெயிலில் நின்றது என்று அர்த்தம். கோடு இல்லாவிட்டால் இரண்டும் ஒரே சமயத்தில் அடித்த பிரைமரும் மேற்பூச்சுமாக இருக்கலாம். மூன்று இடத்தில் இப்படிச் செய்து ஒப்பிட்டால்தான் முதல் நிறம் நிச்சயமாகும். பல பாரோக்கள் இன்று கறுப்பாக நிற்பதால் ஆதியிலும் கறுப்புதான் என்று முடிவுகட்டாதீர்கள்.

ஈயம் இருந்தால் உலர்ந்த உப்புத்தாள், கிரைண்டர், கேஸ் டார்ச் மூன்றும் கூடாது. தேய்த்தால் தூசி, சுட்டால் புகை, இரண்டும் நுரையீரலுக்குள் போகும். தரையில் தடித்த பிளாஸ்டிக் விரிப்பு, முகத்தில் பி3 வடிகட்டி மாஸ்க், கையில் உறை. பசை வடிவ பெயின்ட் ரிமூவரைத் தடவி, மேலே பாலிதீன் தாள் மூடி ஊறவிட்டு, ஈரமாகவே சுரண்டி எடுங்கள். சுரண்டியதைப் பையில் கட்டி வையுங்கள், சாக்கடையில் விடாதீர்கள். வேலை உடையைப் பட்டறையிலேயே கழற்றிவிட்டு வீட்டுக்குப் போங்கள். குழந்தை ஓடிவந்து கட்டிக்கொள்ளும் சட்டையில் அந்தத் தூசி இருக்கக் கூடாது.

கழற்றலாமா?

கழற்றுவது வீரம் அல்ல. பூண் இறுக்கமாக இருந்து, சட்டம் நேராக இருந்து, இடுக்கில் பழுப்புக் கண்ணீர் வடியாமல் இருந்தால் அந்த மூட்டை விட்டுவிடுங்கள். துரு, தான் தின்ற இரும்பைவிட ஏழு மடங்கு வரை இடம் பிடிக்கும். இடுக்கில் துரு கட்டினால் அது ஆப்பு அடித்தாற்போல் சட்டத்தை வளைக்கும், பூணை வெடிக்க வைக்கும். அப்படிப் புடைத்த மூட்டை மட்டும் பிரிக்க வேண்டும், ஏனென்றால் வெளியே எவ்வளவு பெயின்ட் பூசினாலும் உள்ளே உப்பு அங்கேயே இருக்கும்.

வாயிலைக் கீல்களிலிருந்து தூக்குமுன் எடையைக் கணக்கிடுங்கள். 16 மில்லிமீட்டர் சதுரக் கம்பி மீட்டருக்கு 2 கிலோ. 2 மீட்டர் உயரத்தில் 14 கம்பி என்றால் 56 கிலோ. 40-க்கு 10 பட்டையில் ஒன்றரை மீட்டர்ச் சட்டம் மூன்று சேர்த்தால் இன்னும் 14. கீல் பக்கத்து நிலைக்கம்பி 40 சதுரமானால் அதுவே 25 கிலோ. இவை மட்டுமே 95, பூணும் பூவேலையும் சேர்ந்தால் ஒற்றைக் கதவு 100 கிலோவைத் தாண்டும். இரண்டு பேர் தூக்குவதற்கு அல்ல, செயின் பிளாக்குக்கு உரிய எடை.

தறையாணியை (ரிவெட்) கழற்ற, தலையை அரத்தால் தட்டையாக்கி, நடுவில் பஞ்ச் அடித்து, 8 மில்லிமீட்டர் ஆணி என்றால் 6 மில்லிமீட்டர்த் துரப்பணம் போட்டுத் தலையின் ஆழம் மட்டும் இறக்குங்கள். உளியால் தலையைத் தட்டிவிட்டு, மீதியைப் பின்பக்கம் துரத்துங்கள். 8-க்கு 8 துரப்பணம் போட்டால் அது ஓரம் சாய்ந்து பழைய துளையைத் தின்றுவிடும். பழைய துளை கையால் குத்தியது, நடுவில் இருக்கவேண்டும் என்று கட்டாயமில்லை.

பூணை, ஈயப் பெயின்ட்டை முழுவதும் எடுத்தபின், ஆரஞ்சு நிறம் வரை காய்ச்சி, வாய் சேர்ந்த கோட்டில் மெல்லிய உளியைச் செலுத்தி விரியுங்கள். குளிர்ந்த பூணை விரித்தால் நார் பிளக்கும். பிடித்துப்போன போல்ட்டில் நட்டை மட்டும் சூடாக்குங்கள், போல்ட்டை அல்ல. ஆறியதும் எண்ணெய் விட்டு, கால் சுற்று முன்னும் பின்னும் ஆட்டுங்கள்.

கழன்ற ஒவ்வொரு துண்டிலும் எண் குத்திய செப்புத் தகட்டைக் கம்பியால் கட்டுங்கள். மார்க்கர் எழுத்து முதல் கழுவலிலேயே போய்விடும்.

துருவும் உப்பும்

முதல் கருவி தண்ணீர்க் குழாய். துருவைச் சுரண்டுமுன் நல்ல தண்ணீரால் நன்றாகக் கழுவுங்கள். இல்லாவிட்டால் மேலே இருக்கும் உப்பைத் தேய்த்துத் தேய்த்துக் குழிக்குள் ஏற்றிவிடுவீர்கள். தென்கிழக்குக் காற்று நேராக மோதும் மாயிபூர்ப் பக்கம் கடலிலிருந்து சில தெரு தள்ளியும் இது பொருந்தும்.

அடுத்து மொட்டை உளியும் சிறு சுத்தியலும். செதில் செதிலாக நிற்கும் துருவைத் தட்டி எடுத்தபின், அடியில் நீலங்கறுப்பாக, கண்ணாடி போல இறுகிய தோல் தெரிந்தால் நிறுத்துங்கள். அது உருளையிலும் உலையிலும் உண்டான மூல மேற்பரப்பு, இரும்புக்கு அது கவசம். அதைப் பளிச்சென்று உரித்துவிட்டு, பிறகு எத்தனை விலைக்கு பிரைமர் வாங்கினாலும் ஈடாகாது. சுத்தியல் தழும்புகளும் அந்தத் தோலில்தான் இருக்கின்றன. கிரைண்டர் தட்டு அவற்றை ஐந்து நிமிடத்தில் அழிக்கும். கம்பி பிரஷ் கப் வேறு விதமாகக் கெடுக்கும்: துருவை எடுக்காமல் அதையே பளபளவென்று மெருகேற்றிவிடும். கண்ணுக்கு இரும்பு, உண்மையில் துரு.

தேனிரும்பில் மட்டும், ஈயம் போனபின், ஆக்சி-அசிட்டிலின் சுடரை வேகமாக ஓட்டலாம். இரும்பும் துருவும் வெவ்வேறு அளவில் விரிவதால் செதில் தெறிக்கும், இடுக்கில் உள்ள ஈரமும் ஓடும். இளஞ்சூடு இருக்கும்போதே பிரஷ் போட்டு பிரைமர் தடவுவது பழைய வழக்கம், இன்றும் நல்ல வழக்கம். வார்ப்பிரும்பில் இதைச் செய்தால் விரிசல்.

காற்றழுத்தத்தால் துகளை வீசித் துருவை எடுக்கும் பிளாஸ்ட் செய்யத்தான் வேண்டும் என்றால் மணலைத் தொடாதீர்கள், அது நுரையீரலைக் கல்லாக்கும். மெல்லிய கார்னெட் கல்துகள், 2 முதல் 3 பார் அழுத்தம், முதலில் ஒரு மறைவான இடத்தில் சோதனை. பிளாஸ்ட் முடிந்து ஒரு மணி நேரத்துக்குள் குழிகளில் கரும்புள்ளிகள் ஈரமாக எட்டிப்பார்த்தால் உப்பு இன்னும் உள்ளே இருக்கிறது. மறுபடி கழுவி, உலர்த்தி, மறுபடி பிளாஸ்ட். மூன்று சுற்று ஆவதும் உண்டு. குளோரைடு சோதனைத் தாளில் பார்த்து, பெயின்ட் தயாரிப்பாளர் தாளில் சொன்ன வரம்புக்குக் கீழே வந்தால்தான் அடுத்த வேலை.

அமிலத்தொட்டியில் முக்குவது வேண்டாம். மேலே சுத்தமாகும், ஆனால் நாருக்கு நடுவிலும் பூணுக்கு அடியிலும் போன அமிலம் வெளியே வராது. சூடான துத்தநாகத்தில் முக்கும் கால்வனைசிங்கும் இதே காரணத்தால் கூட்டிய பழைய வாயிலுக்கு ஆகாது. அதற்கு முன்னால் அமிலக் குளியல் உண்டு, தொட்டியோ 450 டிகிரி, மெல்லிய வார்ப்புகள் அதில் வெடிக்கும்.

ஒட்டுப்போடுதல்

எவ்வளவு மாற்றுவது என்பதில்தான் கொல்லனின் புத்தி தெரியும். பாதித் திண்மை மிஞ்சியுள்ள அலங்காரக் கம்பியை அப்படியே விடுங்கள். கீல் பக்கத்து நிலைக்கம்பி, கதவு சுழலும் கீழ்க் குடுமி, தாழ்ப்பாள் பிடி போன்ற சுமை தாங்கும் இடங்களில் அந்தச் சலுகை இல்லை. வெட்டும்போது கெட்டதை மட்டும் வெட்டுங்கள். அடிச்சட்டத்தில் 180 மில்லிமீட்டர் போயிருந்தால் 180-க்கு ஒட்டு, முழுச் சட்டம் அல்ல.

பொருள் கிடைப்பது சிரமம். தேனிரும்பைப் பெரிய அளவில் உருக்கி உருட்டிய கடைசி பிரிட்டிஷ் ஆலை 1970களில் மூடியது. இன்று கிடைப்பதெல்லாம் பழைய இரும்பை மறுபடி உருட்டியது, அல்லது காயலான் கடையில் நீங்கள் கண்டெடுப்பது. உடைந்த பழைய வேலி கண்ணில் பட்டால் வாங்கிப் போடுங்கள். கிடைக்காதபோது மைல்ட் ஸ்டீல் போடலாம், வேறு வழியில்லை. ஆனால் மறைவான முகத்தில் ஆண்டை எண்குத்தியால் பதியுங்கள், அடுத்து வருபவர் குழம்பக் கூடாது.

40-க்கு 10 பட்டையில் உலைப் பற்றவைப்பு இப்படி. இரண்டு முனையையும் குத்தித் தடிக்கவையுங்கள், 10 என்பது 14, 15 ஆகட்டும். பிறகு 20 முதல் 25 மில்லிமீட்டர் நீளத்துக்குச் சரிவாக்குங்கள். சரிவின் முகம் சற்றே பிதுங்கியிருக்க வேண்டும், குழிந்தால் கசடு நடுவில் மாட்டிக்கொள்ளும். பிரஷ் போட்டு, வெங்காரம் தூவி, இரண்டையும் ஒரே நிறத்துக்குக் கொண்டுவாருங்கள். தேனிரும்புக்கு 1300 டிகிரிக்கு மேல், வெள்ளையாகி மேற்பரப்பு ஈரம் மினுங்குவதுபோலத் தெரிந்து ஓரிரண்டு பொறி தெறிக்கும் கட்டம். முதல் மூன்று அடி மெதுவாக, நடுவிலிருந்து ஓரத்துக்கு. ஓங்கி அடித்தால் வழுக்கிப் பிரியும். பற்றாமல் போவதற்குப் பெரும்பாலும் மூன்று காரணம்: ஒரு துண்டு மற்றதைவிடக் குளிர்ந்திருக்கும், உலையில் கிட்டம் கட்டியிருக்கும், அல்லது உலையிலிருந்து பட்டடைக்கு வரும் தூரம் அதிகம். வாயிலில் கைவைக்குமுன் மூன்று மாதிரி செய்து, ஆறியபின் குறட்டில் வளைத்துப் பாருங்கள்.

தேனிரும்பை இளஞ்சிவப்பில் வளைக்காதீர்கள். நல்ல மஞ்சளில் அது மாவு போலக் கேட்கும், நிறம் இறங்கியபின் அடித்தால் நார் வாய்பிளக்கும். மைல்ட் ஸ்டீலில் பழகிய கை இங்கேதான் முதலில் தவறும்.

மின் வெல்டிங் செய்வது பாவம் இல்லை, மேலோட்டமாகச் செய்வதுதான் பாவம். தேனிரும்பு அடுக்கு அடுக்கானது. மேல்முகத்தில் மட்டும் ஒட்டிய வெல்டிங் மேல் அடுக்கை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்கும், பாரம் வந்ததும் தோலோடு உரிந்து வரும். இரண்டு முனையையும் சரித்து, சேர்த்தால் 60 டிகிரி வாய் வருமாறு வெட்டி, அடியில் 2 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, முழுத் திண்மைக்கும் நிரப்புங்கள். 3.2 மில்லிமீட்டர் 7018 குச்சி, 100 முதல் 130 ஆம்பியர். இந்தத் தீவின் ஈரக்காற்றில் திறந்துவைத்த குச்சி ஒரே நாளில் நீர் குடிக்கும். 300 முதல் 350 டிகிரியில் ஒன்றிரண்டு மணி நேரம் வாட்டாமல் பயன்படுத்தினால் பற்றவைப்பு துளைதுளையாக வரும். மழை ஓயாத மேட்டூரான கியூர்பிப்பில் பட்டறை வைத்திருப்பவருக்கு இதை இரண்டு முறை சொல்ல வேண்டும்.

கம்பியைச் சட்டத்தில் சேர்க்கும் முளைக்கு: 16 சதுரக் கம்பியின் முனையை 10 மில்லிமீட்டர் உருளையாக இறக்குங்கள். தோள் சதுரமாக, சட்டத்தில் சரிசமமாக உட்கார வேண்டும். அங்கே ஒரு மயிரிழை விட்டாலும் அது தண்ணீர்த்தொட்டி. 10 மில்லிமீட்டர்ச் சட்டத்துக்கு முளை 20 முதல் 22 நீளம் இருந்தால் மறுபக்கம் தட்டித் தலை கட்டப் போதும். தறையாணியிலும் கிட்டத்தட்ட இதே கணக்கு: உருண்டைத் தலைக்கு விட்டத்தைப் போல ஒன்றேகால் முதல் ஒன்றரை மடங்கு வெளியே நீள வேண்டும். 8-க்கு 10 முதல் 12. துளை அரை மில்லிமீட்டர் பெரிது.

பூண் வெட்ட, அணைக்க வேண்டிய கம்பிகளின் சுற்றளவோடு பூண் பட்டையின் திண்மையை இரண்டு முறை கூட்டுங்கள். 12 சதுரக் கம்பி இரண்டு பக்கத்தில் பக்கம் என்றால் சுற்றளவு 72. பட்டை 4 மில்லிமீட்டர் என்றால் 80. முதலில் ஒன்றை மட்டும் வெட்டிப் போட்டுப் பார்த்து, வாய் சேரவில்லையென்றால் ஓரிரு மில்லிமீட்டர் கூட்டுங்கள். மூன்று பக்கம் முன்பே மடக்கி, பழுக்கக் காய்ச்சி, உலக்கைக்குப் பூண் மாட்டுவது போலச் சட்டென்று மாட்டி மூடுங்கள். ஆறும்போது சுருங்கித் தானே இறுகும். சூட்டில் அடியிலுள்ள பிரைமர் கருகும், அதைத் தவிர்க்க முடியாது. அதனால் ஆறியதும் மெல்லிய பிரைமரை ஓரத்தில் விட்டு ஊறவைத்து, காய்ந்தபின் பெயின்ட் ஏற்கும் பாலியூரித்தேன் சீலன்ட்டால் கோட்டை அடையுங்கள். சிலிக்கோன் வேண்டாம். பெயின்ட் அதன்மேல் பிடிக்காது, புளிக்காடி வாடை வரும் சிலிக்கோன் உலரும்போது விடும் அமிலம் இரும்பையே கடிக்கும்.

வார்ப்பிரும்பு உடைந்தால்

சுத்தியலை ஒதுக்கி வையுங்கள். உடைந்த துண்டு கையில் இருந்தால் முதல் தேர்வு குளிர் தையல்: விரிசலுக்குக் குறுக்கே வரிசையாகத் துளையிட்டு, நிக்கல் கலப்புச் சாவிகளை அடித்து இறக்கி, விரிசல் நெடுகத் திருகு முளைகளை ஒன்றோடொன்று கவ்வுமாறு ஏற்றுவது. சூடு இல்லை, எனவே புது விரிசலும் இல்லை. வெல்டிங்தான் என்றால் நிக்கல் குச்சி, ஒரு தடவைக்கு 25 மில்லிமீட்டர் மட்டும், உடனே சுத்தியல் நுனியால் தட்டி இழுவிசையைத் தளர்த்தி, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறியபின் அடுத்த 25. பொறுமை இல்லாதவர் தொடர்ந்து ஓட்டினால், பக்கத்தில் டிங் என்று ஒரு சத்தம் கேட்கும். அது புதிய விரிசல்.

தொலைந்த பூவைப் புதிதாக வார்க்க வேண்டுமென்றால், பக்கத்துப் பூவையே அச்சாகக் கொடுத்துவிடாதீர்கள். சாம்பல் வார்ப்பிரும்பு ஆறும்போது ஏறத்தாழ 1 சதவீதம் சுருங்கும். 300 மில்லிமீட்டர்த் துண்டு 297 ஆகத் திரும்பி வரும், போல்ட் துளை பொருந்தாது. மாதிரியை 1 சதவீதம் பெரிதாக்கிச் செய்யச் சொல்லுங்கள். மலிவு என்று அலுமினியத்தில் வார்த்து இரும்போடு பூட்டுகிறவர்கள் உண்டு. கடற்காற்றில் இரண்டு உலோகம் தொட்டுக்கொண்டு நின்றால் அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரும்.

கருங்கல்லில் ஊன்றுதல்

பழைய பாரோவின் கால் தீவின் கருங்கல்லில் ஈயம் ஊற்றி நிறுத்தியிருக்கும். குழியில் மஞ்சளாக ஏதாவது தெரிந்தால் அது கந்தகம். அந்தக் காலத்தில் ஈயத்துக்கு மலிவான மாற்று, ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகிக் காலைத் தின்னும். முழுவதும் எடுங்கள். பிற்காலத்தில் காலைச் சுற்றிப் பூசிய சிமென்ட் மேட்டையும் எடுங்கள், அதன் விளிம்பில்தான் தண்ணீர் நிற்கிறது.

குழி 50-க்கு 50, ஆழம் 70, அடியில் சற்று அகலம். நடுவில் 25 சதுரக் கால் நின்றால் மிச்ச இடத்துக்கு ஈயம் ஏறக்குறைய 1.5 கிலோ. 2 கிலோவாக உருக்கி ஒரே மூச்சில் ஊற்றுங்கள், இரண்டு தடவை ஊற்றினால் நடுவில் ஒட்டாது. ஈயம் 327 டிகிரியில் உருகும், 380 அளவில் ஊற்றலாம். குழியில் ஒரு துளி ஈரம் இருந்தாலும் நீராவி ஈயத்தை முகத்தில் வீசியடிக்கும். டார்ச்சால் குழியைச் சூடாக்கி, கல்லின் நிறம் வெளுத்து ஈரம் போனதை உறுதி செய்யுங்கள். முகக்கவசம், தோல் உறை, திறந்தவெளி, பி3 மாஸ்க். முந்தின இரவு மழை என்றால் அன்று வேண்டாம். ஆறியபின் ஈயம் சுருங்கியிருக்கும். மொட்டை உளியால் சுற்றிலும் குத்தி இறுக்கி, மேல்முகத்தைக் காலிலிருந்து வெளியே சரித்துவிடுங்கள்.

பெயின்ட்

காவடி வருவது ஜனவரி பிப்ரவரியில், அதாவது மழையும் புயலும் புழுக்கமும் சேர்ந்த பருவத்தில். கோவில் பாரோவுக்கு அந்த வாரத்தில் துருவின்மேல் அடிக்கும் பூச்சு அடுத்த காவடிக்குள் கொப்பளிக்கக் காரணம் பெயின்ட் கம்பெனி அல்ல. செப்டம்பரிலிருந்து நவம்பர் தொடக்கம் வரை உள்ள வறண்ட வாரங்களைச் சபையிடம் கேட்டு வாங்குங்கள்.

நாளையும் அளந்தே தேர்ந்தெடுங்கள். காற்றின் ஈரப்பதம் 85 சதவீதத்துக்குக் கீழ், இரும்பின் சூடு பனிநிலையைவிட, அதாவது காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் சூட்டைவிட, 3 டிகிரியாவது மேல். காற்று 24 டிகிரி, ஈரப்பதம் 80 என்றால் பனிநிலை 20-ஐச் சற்றுத் தாண்டும், இரும்பு 23.3 இருக்க வேண்டும். இரவெல்லாம் வானத்தைப் பார்த்துக் குளிர்ந்த கம்பி காலை ஏழரைக்கு 21-ல்தான் இருக்கும். கண்ணுக்குத் தெரியாத பனிப்படலத்தின் மேல் பிரைமர் அடிப்பீர்கள். பத்து மணிக்குத் தொடங்கி மூன்று மணிக்கு நிறுத்துங்கள்.

பூச்சுமுறை மேற்பரப்பைப் பொறுத்தது. பிளாஸ்ட் செய்து எஸ்ஏ 2½ தரத்துக்கு (துருவும் பழைய பூச்சும் கிட்டத்தட்ட முழுவதும் போன நிலை) வந்த இரும்புக்கு துத்தநாகம் செறிந்த எபாக்சி பிரைமர் 60 மைக்ரான், மேலே மைக்கா இரும்பு ஆக்சைடு கலந்த எபாக்சி 125, கடைசியில் பாலியூரித்தேன் 60. கையால் சுத்தம் செய்து மூலத்தோலை விட்டுவைத்த இரும்புக்கு துத்தநாகம் செறிந்த பிரைமர் வீண், அது வெறும் இரும்பைத் தொட்டால்தான் வேலை செய்யும். அங்கே ஜிங்க் பாஸ்பேட் அல்கிட் பிரைமர் இரண்டு பூச்சு, மைக்கா ஆக்சைடு அல்கிட் இரண்டு, மேற்பூச்சு ஒன்று. அடுத்தடுத்த பூச்சுகள் வேறு நிறமாக இருந்தால் விட்டுப்போன இடம் தானே காட்டிக்கொடுக்கும்.

ஒவ்வொரு பூச்சுக்கும் முன்னால் விளிம்பு, தறையாணித் தலை, பூண் ஓரம், சுருளின் உள்பக்கம் இவற்றுக்கு மட்டும் பிரஷ்ஷால் ஒரு கை கூடுதலாகத் தடவுங்கள். ஈரப்பெயின்ட் கூரான விளிம்பிலிருந்து விலகி ஓடும், துரு அங்கேதான் முதலில் எட்டிப்பார்க்கும். ஈரத்தடிப்பைச் சீப்பு அளவியால் பாருங்கள்: திடப்பொருள் 50 சதவீதம் உள்ள பெயின்ட்டில் 100 மைக்ரான் ஈரம் காய்ந்தால் 50தான்.

மாட்டியபின்

கீழ்க் குடுமி உட்காரும் குழிதான் கடைசி வேலை. பழைய குழிகள் பெரும்பாலும் அடி மூடிய கிண்ணம், மழைத்தண்ணீர் நின்று குடுமியை ஊறவைக்கும். கிண்ணத்தைத் துளைக்காமல், அதைச் சுற்றியுள்ள கல்லில் சிறு வாய்க்கால் வெட்டித் தண்ணீர் சேராமல் திருப்பிவிடுங்கள். கிண்ணத்தைக் கனமான கிரீஸால் விளிம்பு வரை நிரப்பினால் தண்ணீருக்கு இடமே இல்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை பழையதைத் துடைத்துப் புதிது வையுங்கள்.

வீட்டுக்காரருக்கோ சபைக்கோ ஒரு தாள் எழுதிக் கொடுங்கள்: எந்தப் பெயின்ட், எந்த நிற எண், எந்தக் கம்பி புதிது, எந்த மாதம் முடிந்தது. அதில் ஒரு வரி கட்டாயம் இருக்கட்டும். புயல் கடந்த மறுநாள், முற்றத்தில் விழுந்த கிளைகளைப் பொறுக்குவதற்கு முன்னாலேயே, பாரோவை நல்ல தண்ணீரால் மேலிருந்து கீழாகக் கழுவிவிட வேண்டும், பூண்களுக்குள் தண்ணீர் பாயும்படி.